முப்பது நாள் அப்பீலும் மூன்று பக்க அர்ஜியும்

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட இல்லை. மழை எப்போது வரும் என்று கேட்டாலும் பதில் இருக்கும், பக்கத்து வீட்டு மாடு ஏன் மடி வற்றிப்போயிற்று என்று கேட்டாலும் பதில் இருக்கும். மழையையும் மாட்டையும் பற்றித் தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இவர் தப்பாகச் சொன்னது வரிச் சட்டத்தைப் பற்றி. அதில் போனது என் அக்காவின் மண்டி. இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புதுக்கோட்டையில் ஓர் எண்ணெய் மில்லில் தலைமைக் கணக்குப்பிள்ளையாக இருந்தார். குறிப்பேடும் பேரேடும் அவர் கையில் அச்சடித்த மாதிரி இருக்கும். வருஷக் கடைசியில் காலணா உதைக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. இதோடு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. அர்ஜி எழுதுவார். சமஸ்தானம் இருந்த காலத்தில் வாய்க்கால் தகராறோ, பென்ஷன் வராததோ, எந்தக் குறையானாலும் ஓர் அர்ஜியை எழுதி எடுத்துக்கொண்டு சர்க்கார் கச்சேரிக்குப் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். சின்ன ராஜ்யம். காலையில் போனால் மத்தியானத்துக்குள் ஒரு பெரிய அதிகாரியின் முகத்தையாவது பார்த்துவிட்டு வரலாம். யாரும் பெரிதாகக் கெடு பார்த்ததாக எனக்கு நினைவில்லை. போன வருஷம் நடந்ததற்குக்கூட இந்த வருஷம் அர்ஜி கொடுப்பார்கள். அதிகாரி மனது வைத்தால் காரியம் நடக்கும், மனது வைக்கிற மாதிரி எழுதத் தெரிந்திருந்தால் போதும். என் வீட்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் பக்கம் முழுக்க வணக்கமும் புகழ்ச்சியுமாக இருக்கும். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கே வருவார்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. பெரிய கச்சேரிகள் திருச்சிக்குப் போய்விட்டன. கடைக்காரர்களுக்குப் புதுப்புது ஃபாரங்களும் நோட்டீஸ்களும் வர ஆரம்பித்தன. எல்லாம் இங்கிலீஷ். அரிசிக் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் அவற்றைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, யாரிடம் காட்டுவது என்று முழித்தார்கள். கணக்கு எழுதுகிறவரிடம் காட்டலாம் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். கணக்குத் தெரிந்தவருக்குச் சட்டமும் தெரியாமலா இருக்கும்? சமைக்கத் தெரிந்தவளைப் பிரசவம் பார்க்கக் கூப்பிடுகிற கதைதான். ஆனால் கூப்பிட்டவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? கூப்பிட்டதும் இவர் போனாரே.

மில்லுக்கு வருஷத்துக்கு ஒரு முறை திருச்சியிலிருந்து ஆடிட்டர் ஒருவர் வருவார். காலை ரயிலில் வந்து இரண்டு நாள் தங்கி ஏடுகளைச் சோதித்துவிட்டுப் போவார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏடு எடுத்துக் கொடுப்பார். அந்த இரண்டு நாளில் காதில் விழுந்ததுதான் இவர் படித்த சட்டம். அசெஸ்மென்ட், டர்ன்ஓவர், எக்ஸம்ப்ஷன் என்று நாலைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டார். ஆடிட்டர் போன மறுநாளே அதையெல்லாம் ஜவுளிக் கடைக்காரரிடம் அவிழ்த்துவிட்டார். கேட்டவர் அசந்து போனார்.

அடுத்த மாதம் வாசலில் ஒரு பலகை ஏறியது. நீலப் பெயின்டில் வெள்ளை எழுத்து, ‘வரிக் கணக்கு நிபுணர்’.

“ஏங்க, நிபுணர்னு போடலாமாங்க?” என்று கேட்டேன்.

“போடாட்டி எவன் வருவான்?” என்றார்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வகுப்பில் ஒரு பிள்ளை வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் நிற்க வைத்துத் திருத்தாமல் விடமாட்டேன். வீட்டு வாசலில் இத்தனை பெரிய தப்பு எழுத்தில் தொங்கியது, அதைத் திருத்தவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் அவரை ‘ஆடிட்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை ‘ஆடிட்டர் வீட்டு டீச்சர்’ என்றார்கள். அதுவரை என்னைப் பார்த்தால் தலையைக்கூட ஆட்டாத தலைமை ஆசிரியை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரர் தன்னை ஆடிட்டர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. பிறர் சொன்னபோது இல்லை என்று மறுத்ததும் இல்லை. நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

காசு என்று பெரிதாக வாங்கமாட்டார். தேங்காய் வரும், பலாப்பழம் வரும், ஆலங்குடிப் பக்கத்திலிருந்து முந்திரிப்பருப்பு வரும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். காசு வாங்கியிருந்தால் எவனாவது ஒருவன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பான். பலாப்பழம் கொடுத்துவிட்டு யார் கேள்வி கேட்பார்கள்? சில ஃபாரங்களை மில் ஃபாரத்தைப் பார்த்துக் காப்பி அடித்து அனுப்புவார். பெரும்பாலும் அது ஒப்பேறிவிடும். ஒப்பேறாதபோது ‘ஆபீஸ்ல புது ஆள், வெவரம் பத்தல’ என்பார். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

என் அக்கா ஆலங்குடியில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் கடலை மண்டி வைத்திருந்தார். விவசாயிகள் கடலையை வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். மண்டியில் எடை போட்டு, மில்காரர்களுக்கு விற்றுக் கொடுத்து, கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை விவசாயி கையில் கொடுப்பார்கள். அக்கா வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்து ஒரே வாரத்தில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இல்லை, பிள்ளைகளும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் கொழுந்தனார், “மதினி, மண்டியப் பூட்டிட்டு நம்ம வீட்டுக்கு வந்துருங்க. ஒரு வாய்ச் சோத்துக்கா பஞ்சம்?” என்றார். அந்த வீட்டில் இரண்டு வேளையும் இருபது பேருக்கு உலை வைக்க வேண்டும். எந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் மண்டியைத் திறந்து அவளே தராசுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஆலங்குடியே வாயில் விரலை வைத்தது. நாலு மாதம் பேசிவிட்டு ஓய்ந்தார்கள். எடையில் அவள் ஒரு கடலை குறைக்கமாட்டாள் என்று தெரிந்ததும் வண்டிகள் முன்னைவிட அதிகமாக வந்தன. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அவளுக்கு ஏடு போட்டுக் கொடுத்தார். யார் சரக்கு, எத்தனை மூட்டை, யாருக்கு விற்றது, கமிஷன் எவ்வளவு என்று வரி வரியாக எழுதப் பழக்கினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மட்டோடு நின்றிருந்தால் இன்றைக்கும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

மண்டிக்கும் விற்பனை வரி ஃபாரம் வந்தது. அக்கா எடுத்து வந்து கொடுத்தாள். “கமிஷன் கடைக்கு எக்ஸம்ப்ஷன் இருக்கு மதினி, வரி கெடையாது. ஒண்ணும் அனுப்ப வேண்டியதில்ல” என்றார். எங்கேயோ, எதற்கோ ஆடிட்டர் சொன்ன சொல்லை இங்கே ஒட்டவைத்துவிட்டார். பிறகு ஒரு நோட்டீஸ் வந்தது. “இது எல்லாக் கடைக்கும் அனுப்புறது” என்றார். இன்னொன்று வந்தது. அதையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டார். அக்கா டிராயரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், வெற்றிலையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ, ஒரு சனிக்கிழமை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. அக்கா மஞ்சள் பையோடு வந்து நின்றாள். பைக்குள் வரி ஆபீஸ் ஆர்டர். நோட்டீஸ்களுக்குப் பதில் வராததால் அதிகாரி தானே மதிப்புப் போட்டிருந்தார். மண்டிக்குள் வந்து போன அத்தனை மூட்டைக் கடலையும் அக்காவின் சொந்தச் சரக்கு என்று வைத்து வரி. மண்டிக் கட்டடத்தை விற்றாலும் தீராத தொகை.

அவர் ஆர்டரை வாங்கி, தள்ளிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “கவலைப்படாதீங்க மதினி. இதுக்கு எழுதுற மாதிரி எழுதுவோம்” என்றார்.

மேஜையில் வைத்ததை நான் எடுத்துப் படித்தேன். என் இங்கிலீஷ் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது புரிந்தது. கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் திருச்சியில் இருக்கும் மேல் அதிகாரிக்கு அப்பீல் செய்ய வேண்டும். இரண்டு தடவை படித்தேன்.

“ஏங்க, முப்பது நாள்னு போட்டிருக்கு. அப்பீல்னு போட்டிருக்கு.”

“அது ஃபாரத்துல அச்சடிச்சு வர்றது. எல்லா ஆர்டர்லயும் இருக்கும்.”

“இருந்தாலும் அந்தத் திருச்சி ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “அவர்கிட்டப் போறதுன்னா வாசல்ல பலகை என்னத்துக்கு? என்னைய வச்சுக்கிட்டே வேற ஆளத் தேடுறியா?” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். இலை போட்டுக் கூப்பிட்டேன், வரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, “பசிக்கல” என்று பதில் வந்தது. ஐம்பதை நெருங்கும் மனுஷன்!

அக்கா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். “என்னடி, ஏதும் சிக்கலா?” என்றாள்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ‘இவருக்கு இது தெரியாதுக்கா, நாளைக் காலை ரயிலில் நாம ரெண்டு பேரும் திருச்சிக்குப் போவோம்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? உள்ளே ஒருவர் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். வெளியே ஒரு பலகை தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி எனக்காகக் காத்திருக்கிறது. “ஒண்ணுமில்லக்கா. அவர் பாத்துக்குவார்” என்றேன். அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பிறகு அவர் எழுந்துவந்து வயிறாரச் சாப்பிட்டார்.

எழுதினார். சென்னையில் இருக்கும் மந்திரிக்கு மூன்று பக்கம். சமஸ்தானத்து அர்ஜியில் மேலே இருக்கும் பட்டங்களை மட்டும் மாற்றிவிட்டு அதே பணிவு, அதே சுற்றி வளைப்பு. புருஷனை இழந்த ஒரு ஸ்திரீயின் கண்ணீர் என்று ஒரு பத்தி இருந்தது. அக்கா கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை மூட்டை, யார் சரக்கு என்ற விவரம் மட்டும் அதில் ஓரிடத்திலும் இல்லை. கணக்கில் புலியாக இருந்த மனுஷன், கணக்கைக் காட்ட வேண்டிய ஒரே இடத்தில் கண்ணீரைக் காட்டினார். இதை நினைத்தால் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த காலண்டரில் நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் ஒரு தடவை கேட்டேன். “மந்திரி படிச்சா மறுநாளே ஆர்டர் போட்ருவார்” என்றார். இருபதாம் நாள் கேட்டேன். “நீ டீச்சர் வேலையப் பாரு” என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. முப்பதாம் நாள் ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு வகுப்பில் காரணமே இல்லாமல் மூன்று பிள்ளைகளை அடித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு கார்டு வந்தது. தங்கள் மனு கிடைத்தது, உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. அவர் அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினார். “மந்திரி ஆபீஸ்லேருந்தே பதில் வந்துருச்சு பாத்தீங்களா!” என்றார். ஜவுளிக் கடைக்காரர் அதைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிப் பார்த்தார். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு ஆலங்குடிக்குப் போனார். அவர் போய்த் திரும்பிய பத்தாம் நாள் மண்டி வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அப்போதுதான் எனக்குச் சொரணை வந்தது. அவரிடம் சொல்லாமல், அக்காவிடம் போய் ஏடுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருச்சிக்கு ரயில் ஏறினேன். ஆடிட்டர் வயதானவர், மரியாதையாக உட்காரச் சொன்னார். ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

“இதை எழுதினது யாரும்மா?”

சொன்னேன்.

“ரொம்ப சுத்தமான ஏடு. விவசாயி பேரு, மில்காரர் பேரு, கமிஷன், எல்லாம் தனித்தனியா இருக்கு. இதை மட்டும் அப்பீல்ல கொண்டுபோய் வச்சிருந்தா, வரியில பெரும்பகுதி அடிபட்டுப் போயிருக்கும். என் ஆபீஸ் குமாஸ்தாவே முடிச்சுட்டு வந்திருப்பான்.” ஆர்டரைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். “நாள் தாண்டிருச்சே. ஏம்மா முன்னாலேயே வரலை?”

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஆடிட்டர் ஒரு மனு போட்டுப் பார்த்தார். வந்த நோட்டீஸ் எதற்கும் பதில் போடாதவர்களுக்கு என்ன மன்னிப்பு என்று தள்ளிவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

மண்டி ஏலத்தில் போனது. தராசையும் எடைக்கற்களையும்கூட விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?” என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

“அப்படிச் சொன்னா ஊர்ல எவன் மதிப்பான்?” என்றார். பிறகு, “சமஸ்தானம் இருந்திருந்தா இப்படி நடந்திருக்காது” என்றார்.

இதைவிட மோசம் ஊர். அவரைத் தேடி வருகிறவர்கள் குறைவார்கள் என்று நினைத்தேன், கூடினார்கள். “பாவம், மந்திரி வரைக்கும் எழுதிப் பாத்தாரே, வேற எவன் செய்வான்?” என்று பேசிக்கொண்டார்கள். பொறுக்கமுடியாமல் ஒருநாள் பாத்திரக் கடைக்காரரிடம் நேராகவே சொன்னேன், “அவருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாதுங்க. திருச்சிக்குப் போங்க.” அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “டீச்சரம்மா, வீட்டுக்காரர் மேல என்ன கோவம்?” என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஃபாரத்தை அவரிடமே கொடுத்தார்.

அக்கா கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். எந்த அடுப்படிக்குப் போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு வருஷம் தராசைப் பிடித்தாளோ, அங்கேயேதான். எனக்கு அவளைப் பார்க்கப் போகக் கால் வரவில்லை. பொங்கல் ஒன்று போனது, தீபாவளி ஒன்று போனது. கடைசியில் ஒரு கோடை லீவில் போனேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பெரிய அடுப்படி. அண்டா ஒன்றைச் சாய்த்து வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை காய்த்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், “வாடி, சாப்பிட்டியா?” என்றாள். கூடத்திலிருந்து அவள் ஓரகத்தி ஏதோ சாமானைக் கேட்டுக் கூப்பிட்டாள், எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் மில்காரர்கள் நின்றுகொண்டு பேசிய மனுஷி.

எனக்குத் தாங்கவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். “அக்கா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஆடிட்டர் பேசுறதக் கேட்டு நாலு வார்த்தை கத்துக்கிட்டார், அம்புட்டுத்தான். அவர நம்பி நீ மோசம் போயிட்டக்கா.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கோபமும் படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவருக்குத் தெரியாதுன்னு ரெண்டாவது நோட்டீஸ டிராயருக்குள்ள போட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுடி” என்றாள். “அன்னைக்கு நான் வந்தது அவர நம்பி இல்ல. நீ படிச்சவ, ஆர்டர ரெண்டு தடவ படிச்ச. நான் ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவர் பாத்துக்குவார்னு நீ சொன்ன பொறவுதான் நான் பஸ் ஏறுனேன்.”